காதில் சொல்லும் பெயர்

தாயும் தகப்பனும் இல்லாமல் தானே இரண்டாகும். பார்த்தால் எல்லாம் ஒரே சாயல், குணத்தில் ஒன்றுக்கொன்று வேறு. மூச்சில் ஏறி ஊர்விட்டு ஊர் போகும். யார் அது? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் தெய்வானை என்ற சிறுமி காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு வந்தாள். வைத்தியம் பார்த்தவர் குரு மருதாசலம். அவர் மருத்துவம் படித்த துறவி.

பாதியில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. திடீரென்று மறுபடி காய்ச்சல்.

அன்று காலை சளிப் பரிசோதனையின் முடிவு வந்தது. குரு அவளைச் சமையற்கட்டின் பின்முற்றத்துக்கு அழைத்தார்.

"மாத்திரையை விட்டாயா?"

"இல்லை சாமி. விரத நாளில் மட்டும்தான்."

"விரதமா?"

"அம்மாவுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கணும்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை. அப்புறம் சஷ்டி ஆறு நாளும். பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படலை. தம்பி பிறந்துட்டான்ல?" முகமெல்லாம் பெருமை.

குரு உள்ளேயிருந்து சல்லடையை எடுத்து வந்தார். கடுகிலே கொஞ்சம் உளுந்தைக் கலந்து சல்லடையில் கொட்டினார்.

"சலி."

சலித்தாள். கடுகு பொலபொலவென்று கொட்டியது. உளுந்து ஒன்றிரண்டு விழத் தொடங்கியது.

"நிறுத்து. என்ன மிச்சம்?"

"உளுந்துதான். இன்னும் கொஞ்சம் சலிச்சா இதுவும் விழுந்திருக்கும். நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க."

"உன் மருந்தை யார் நிறுத்தச் சொன்னது?"

தெய்வானையின் கை சல்லடையிலேயே நின்றது.

"கிருமி எல்லாம் ஒண்ணுதானே, சாமி?"

"பேர்தான் ஒண்ணு. மருந்துக்குச் சீக்கிரம் சாகிறது உண்டு, தாக்குப்பிடிக்கிறதும் உண்டு. மிச்சமானது இரண்டு இரண்டாகப் பெருகினால்?"

"எல்லாம் உளுந்தாத்தான் இருக்கும்." சல்லடையைக் கீழே வைத்தாள். "அப்போ பழைய மாத்திரை?"

"இனி கேட்காது. வேறு மருந்து இருக்கிறது. நாளாகும்."

வாசலில் கைக்குழந்தை அழுதது.

"தெய்வா! கதவைத் தெற கண்ணு. யாரு வந்திருக்கான்னு பாரு!"

அம்மா! தெய்வானை எழுந்து ஓடினாள். கதவின் கம்பிக்கு அந்தப் பக்கம், மஞ்சள் துணிக்குள் ஒரு சின்னக் கை ஆடியது.

"இன்னிக்குத் தம்பிக்குப் பேர் வைக்கிற நாளு. அத்தைதான் காதுல சொல்லணும்னு உங்கப்பா ஒரே பிடிவாதம். போய்யா, இவனுக்காகப் பட்டினி கிடந்தவ எம்மவ, அவதான் சொல்லுவான்னு கிளம்பி வந்துட்டேன். பேர் யோசிச்சு வச்சிருக்கியா?"

தெய்வானை தலையாட்டினாள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. கை அதன்மேல் போனது.

இருமல் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நாலு எட்டுப் பின்னால் வந்தாள்.

"என்னடி இது? தம்பியைப் பார்த்து இப்படி ஒதுங்கறே!"

குரு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவளுக்கும் கதவுக்கும் நடுவே அவர் போகவில்லை.

"சாமி, இன்னிக்கு ஒருநாள்தான்," என்றாள் அவரைப் பார்க்காமல். "காதுக்குள்ள மூணு தடவை. பேர் மட்டும்தானே போகும்?"

"பேர் மூச்சில்தான் போகும்," என்றார் குரு.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தையின் தலையைத் திருப்பி, காதைக் கம்பியோரம் காட்டினாள்.

தெய்வானை நின்ற இடத்திலிருந்தே, "கந்தவேள்," என்றாள். "நீயே அவன் காதுல சொல்லிடும்மா."