சௌந்தரம் கடல் பார்த்த கதை

சாத்தாங்குறிச்சியில் மூன்று பேருக்கு மூளை அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவர்களும் அந்த மூன்று பேர்தான். ஒருவர் மினிபஸ் ஓட்டி ஓய்வு பெற்ற உலகநாதன். இரண்டாமவர் அவருடைய மனைவி சௌந்தரத்தின் அண்ணன் தங்கப்பழம். மூன்றாமவர் வெல்டிங் பட்டறை இசக்கிமுத்து. சௌந்தரம் தன்னை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் அந்த மூன்று பேரையும் நம்பினாள், அவ்வளவுதான்.

கல்யாணமான மறுநாள் உலகநாதன் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய், கடலிலிருந்து சூரியன் எழும்புவதைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம், சாத்தாங்குறிச்சிக்கும் வள்ளியூருக்கும் நாளைக்கு ஆறு தடவை போய்ப்போய் வந்தார். சேர்ந்தாற்போல ரெண்டு நாள் லீவு கிடைக்கவில்லை. சௌந்தரம் கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தாள்.

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலமே, "கிளம்பு" என்றார்.

"ராத்தங்கணும்லா? வேற இடத்துல படுத்தா எனக்கு உறக்கம் வராதே" என்றாள் சௌந்தரம்.

அதுவும் உண்மைதான். ஒருமுறை பக்கத்து வீட்டில் படுத்துவிட்டு மூன்று நாள் தலைவலியோடு திரிந்தவள் அவள்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் தமயந்தி போனில் வழி சொன்னாள். "இப்பல்லாம் பழைய வேனை வாங்கி வீடு மாதிரி மாத்திக்கிடுதாங்கம்மா. நம்ம வீட்டுல என்னென்ன இருக்கோ, அதெல்லாம் வண்டியிலயும் இருந்தா உனக்கு வித்தியாசமே தெரியாது. நல்லா உறங்குவ."

இதைச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்திருக்கக் கூடாது. வைத்துவிட்டாள்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு பழைய வேன் கிடைத்தது. விற்றவர் கதவைத் தட்டிக்காட்டி, "வண்டி சும்மா வெண்ணெய் மாதிரி போகும் அண்ணாச்சி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உலகநாதன் செய்த முதல் வேலை, வேனுக்கு மேலே ஓலைப்பந்தல் போட்டதுதான். நனைத்த சாக்கையும் போர்த்தினார். தினமும் காலையில் நூல் பிடித்து, வண்டி முந்தின நாளைவிட இளைத்திருக்கிறதா என்று பார்த்தார்.

"மாப்ளே, உருகலையே?" என்று தெருமுனையில் இருந்தே கேட்பார் தங்கப்பழம்.

"ஒரு நூல்கூட குறையல மச்சான். நல்ல வெண்ணெய்."

முதலில் கட்டில். இசக்கிமுத்து வேனுக்குள் குனிந்து, தவழ்ந்து, அளவெடுத்தான். ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம். வீட்டு முற்றத்தில் வைத்தே இரும்புக் கட்டிலைச் செய்து முடித்தான். செய்த பிறகு நான்கு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேனின் பின்கதவு நாலடிதான்.

கட்டிலை நிமிர்த்திப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் தரையில் வைத்துவிட்டு, அது மனசு மாறுகிறதா என்றும் பார்த்தார்கள்.

"கட்டில் சரியா இருக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. "வண்டி உள்பக்கமும் சரியா இருக்கு. கதவுதான் தப்பா இருக்கு."

"கதவு செஞ்சவன் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்லா" என்றார் தங்கப்பழம்.

"கட்டிலைக் கொஞ்சம் அறுத்தா என்ன?" என்று சௌந்தரம் கேட்டாள்.

மூன்று பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். உலகநாதன் மெதுவாக எடுத்துச் சொன்னார்: "புதுக் கட்டில் சௌந்தரம். யாராவது புதுசை அறுப்பாங்களா? வேன்தான் பழசு."

ஆகவே வேனின் கூரையை அறுத்துக் கழற்றினார்கள். கட்டிலை மேலேயிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அது அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. ஆள் படுத்தால்தான் சரியாகத் தெரியும் என்று தங்கப்பழம் உள்ளே போய்ப் படுத்தார். படுத்தவர் உறங்கிவிட்டார்.

உலகநாதன் இசக்கிமுத்துவிடம், "கூரையை வச்சு வெல்டிங்ல நல்லா பத்த வச்சிரு. எங்கயும் ஒரு இடைவெளி இருக்கக் கூடாது, கொசு வரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இசக்கிமுத்து சொன்ன சொல்லைத் தட்டாதவன். கூரையைச் சுற்றிப் பற்ற வைத்தான். பிறகு இடைவெளி தேடினான். பின்கதவைச் சுற்றி நீளமாக ஓர் இடைவெளி இருந்தது. அதையும் பற்ற வைத்தான். பக்கக் கதவிலும் இருந்தது. அதையும். டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் தப்பித்ததற்குக் காரணம், வெல்டிங் கம்பி தீர்ந்துபோனதுதான்.

சாப்பிட்டுவிட்டு வந்த உலகநாதன் காதில், வேனுக்குள்ளிருந்து யாரோ தட்டும் சத்தம் விழுந்தது.

"யாரு?"

"நான்தான் மாப்ளே, தங்கப்பழம்."

"வெளிய நின்னு ஏன் தட்டுதிய? உள்ள வாங்க."

"உள்ளதான் இருக்கேன்."

உலகநாதன் யோசித்தார். "அப்போ எதுக்குத் தட்டுதிய?"

தங்கப்பழத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். சாயங்காலம் காப்பி வாசம் வந்தபோது, அவராகவே டிரைவர் சீட்டைத் தாண்டி வெளியே வந்தார். அன்று முதல் அந்த வீட்டுக்கு அதுதான் வாசல்.

அடுத்து, வீட்டில் உள்ளதையெல்லாம் வேனில் வைக்கும் வேலை. அடுப்பு வந்தது, மண்பானை வந்தது, சாமி படம் வந்தது, காலண்டரும் வந்தது. எல்லாம் வைத்த பிறகு சௌந்தரம் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தாள். அரைமணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள்.

"உறக்கம் வரல" என்றாள். "என்னமோ குறையுது."

நான்கு பேரும் வீட்டுக்குள் போய் அண்ணாந்து, குனிந்து, ஒவ்வொரு மூலையாகத் தேடினார்கள். அப்போது சுவரிலிருந்து 'ச்சு ச்சு' என்று ஒரு சத்தம் வந்தது.

"பல்லி!" என்றார் தங்கப்பழம். "வண்டியில பல்லி இல்ல!"

வீட்டில் பல்லி இரண்டு. ஒன்று வாசல் நிலைக்கு மேலே, மற்றது அடுப்படியில். இரண்டையும் கொண்டுபோனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது உலகநாதனின் கவலை. கடைசியில், வாசல் பல்லி காவலுக்கு நிற்கட்டும், அடுப்படிப் பல்லி ஊர் பார்க்கட்டும் என்று முடிவானது. அதைப் பிடிக்க ஒன்றரை நாள் ஆனது. வாலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் தங்கப்பழம். "ரெண்டு இடத்துலயும் இருக்கு."

பல்லி வந்த பிறகும் சௌந்தரத்துக்கு முழு உறக்கம் வரவில்லை. யோசித்து யோசித்து அவளே கண்டுபிடித்தாள். வீட்டுக் கூரை அவள் இடது கால்மாட்டில் ஒழுகும். இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சொட்டுச் சத்தத்தில் உறங்கிப் பழகியிருந்தாள்.

இசக்கிமுத்து பெருமூச்சு விட்டான். "அண்ணாச்சி, இடைவெளியே இருக்கக் கூடாதுன்னியளே?"

"இது இடைவெளி இல்லடே. ஒழுக்கு" என்றார் உலகநாதன். இசக்கிமுத்துவுக்கு வித்தியாசம் புரிந்தது. உடனே துளை போட்டான். தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் அது தலையணையில் சொட்டியது. சளைக்காமல் கால்மாட்டில் இன்னொன்று போட்டான்.

தை மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு நான்கு பேரும் கிளம்பினார்கள். வெல்டிங் எங்காவது விட்டுப்போனால் பார்த்துக்கொள்ள இசக்கிமுத்துவும் கூட வந்தான். கன்னியாகுமரி அறுபது கிலோமீட்டர். போய்ச் சேரும்போது மணி நாலு.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. உலகநாதனுக்கு ஒரு பஸ் ஸ்டாப்பைக்கூட விடமுடியவில்லை என்பதுதான் விஷயம். முதல் ஸ்டாப்பில் நின்றார். கூடையோடு நின்ற ஒரு அம்மாள், "வள்ளியூர் போகுமா?" என்று கேட்டாள்.

"போகும். ஆனா கட்டில்ல செருப்போட ஏறக் கூடாது" என்றார்.

வள்ளியூர் தாண்டும்போது வண்டிக்குள் பதினோரு பேர். எல்லாரும் டிரைவர் மடியைத் தாண்டித்தான் ஏறினார்கள், இறங்கினார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்புவது சௌந்தரத்துக்குப் பழக்கமில்லை. இரண்டு ஸ்டாப்புக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி அடுப்பைப் பற்றவைத்தாள். பணகுடி வருவதற்குள் சர்க்கரை தீர்ந்துவிட்டது. இறங்கின ஒரு பெரியவர், "இவ்வளவு நல்ல பஸ்ல நான் போனதில்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கன்னியாகுமரியில், சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் உலகநாதன் விசாரித்தார்.

"தம்பி, சூரியனை எங்க நின்னு பாக்கணும்?"

மாலை நாலரை மணிக்குக் கேட்டால் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்களோ, அதையே அவரும் சொன்னார். மேற்கே கையைக் காட்டி, "அந்தக் கரையில நிறுத்துங்க. கடல்ல நல்லா தெரியும். ஆனா கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தியன்னா போச்சு" என்றார்.

அங்கேயே போய் நிறுத்தினார்கள். விடியற்காலம் எழுந்திருக்க வேண்டும் என்பதால் ஐந்தரை மணிக்கே படுக்கை போட்டாயிற்று. பல்லி 'ச்சு ச்சு' என்றது. ஆனால் மழை இல்லை. சௌந்தரம் புரண்டு புரண்டு படுத்தாள்.

உலகநாதன் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வேன் கூரை மேல் ஏறினார். கால்மாட்டுத் துளைக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினார். ஒரு மணி நேரம் ஊற்றினார். அவர் முதுகுக்குப் பின்னால் வானமும் கடலும் செக்கச்செவேலென்று ஆகி, ஏதோ ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. கரையில் நின்ற சனமெல்லாம் கைதட்டியது. தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே சௌந்தரம் உறங்கிப்போனாள்.

காலை ஐந்து மணிக்கு நான்கு பேரும் மணலில், மேற்குக் கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆறு மணி ஆனது. ஏழு ஆனது.

"வெளிச்சம் வந்துட்டுது, சூரியனைக் காணோமே" என்றாள் சௌந்தரம்.

"பஸ்ஸுக்கு முன்னால ஹாரன் சத்தம் வரும்லா? அது மாதிரிதான். பின்னாலயே வந்திரும்" என்றார் உலகநாதன்.

எட்டு மணிக்கு இசக்கிமுத்துவுக்கு முதுகு சுட்டது. திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பின்னால பனைக்கு மேல ஒண்ணு நிக்கி."

உலகநாதனும் திரும்பிப் பார்த்தார். "அதுவா? அது நம்ம ஊர் சூரியன்டே. அங்கயும் பனைக்கு மேலதான நிக்கும்? நம்ம பாக்க வந்தது கடல்ல வாரது."

"நம்ம ஊர்ச் சூரியன் இங்க எதுக்கு வந்துச்சு?" என்றார் தங்கப்பழம்.

"பதினோரு பேர் வரலையா? அது மட்டும் வரக் கூடாதா?"

சௌந்தரம் திரும்பவே இல்லை. கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? மத்தியானம் தயிர்ச்சோற்றைப் பிசைந்து உலகநாதன்தான் ஊட்டினார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் ஊட்டியது அன்றுதான். அவள் கடலைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள்.

"காரமா இருக்கா?"

"ஊறுகாய் மூக்குல பட்டுட்டு. பரவால்ல, ஊட்டுங்க."

மூன்று மணிக்கு மேகம் மூடியது. நம்ம ஊர்ச் சூரியன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்றார் தங்கப்பழம். ஐந்து மணி ஆனது. சௌந்தரத்தின் உதடு துடிக்க ஆரம்பித்தது. "எனக்குக் குடுத்து வைக்கல போலிருக்கு" என்றாள். இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கூட்டிவந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று உலகநாதன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு, மேகத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சிவப்பு விளிம்பு தெரிந்தது. பிறகு தாம்பாளம் மாதிரி முழுசாக, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும், பெரிய சூரியன்.

"ஏங்க! வந்துட்டுதுங்க!"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சௌந்தரம் அழுதாள். உலகநாதனும் அழுதார். தங்கப்பழம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இசக்கிமுத்து மட்டும் கூர்ந்து பார்த்து, "அண்ணாச்சி, இறங்குதே!" என்றான்.

ஆமாம், இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் போய்விட்டது.

உலகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணி நேரம் லேட்டு. இதுக்கு மேல ஏறி என்னத்த செய்ய? இருட்டப் போவுது. அதான் வந்த வழியே திரும்பிட்டுது."

"மானமுள்ள சூரியன்" என்றார் தங்கப்பழம்.

சுண்டல்காரர் வந்தார். "எப்படி, அஸ்தமனம் நல்லா பாத்தியளா?"

"என்ன தம்பி, இப்பத்தான உதயம் முடிஞ்சிருக்கு? அஸ்தமனம் எத்தன மணிக்கு?" என்றார் உலகநாதன்.

வார்த்தையை மாற்றிச் சொல்கிறார்கள் போல என்று சுண்டல்காரர் நினைத்துக்கொண்டார். "காலையில ஆறரைக்கு. அந்தா, அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்று கிழக்கே கையைக் காட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தமயந்தி போன் செய்தாள். "என்னம்மா, பாத்தாச்சா?"

"உதயத்தை நேத்து சாயங்காலமே பாத்தாச்சுட்டி" என்றாள் சௌந்தரம், கழுத்தைத் தடவிக்கொண்டே. "அஸ்தமனத்தை இப்பம் பாத்துக்கிட்டிருக்கோம். நம்ம ஊர்ல சூரியன் கீழ இறங்கித்தான மறையும்? இங்க மேல ஏறி மறையுது. காலையில இருந்து ஏறுது, ஏறுது, இன்னும் மறைஞ்சு முடியல. முடிஞ்ச உடனே கிளம்பிருவோம்."