எட்டுப் பேர் மிதவை

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிப் போனால், கடல் கொஞ்சம் உள்ளே வந்து குளம்போல அடங்கிக் கிடக்கிற ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு, நீந்துகிறவர்கள் ஏறி விளையாட மிதவை செய்துகொண்டிருந்தாள் பிலோமினா. வயது முப்பத்தாறு. காலையில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் கொட்டகைதான்.

அவளிடம் தொழில் படிக்க வந்த சிஷ்யருக்கு வயது ஐம்பத்தொன்பது. பெயர் சங்கரநயினார். துறைமுகங்களுக்கு உயிர்காக்கும் மிதவை செய்கிற கம்பெனியில் ஆயுசு முழுக்க உழைத்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பாளையங்கோட்டை வீட்டில் மனுஷக் குரல் கேட்கட்டும் என்று நாள் பூராவும் ரேடியோவை ஓடவிட்டிருந்தார். ஒருநாள் அதை அணைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

“என்னையும் சேத்துக்கிடுங்க டீச்சர்” என்றார்.

“உசிரைக் காப்பாத்துற சாமான் செஞ்ச கை. விளையாட்டுச் சாமான் உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?”

“நான் செஞ்சதை யாரும் ஆசைப்பட்டுத் தொட்டதில்ல. சாகப்போற நேரத்துல தொட்டிருக்காங்க. அவ்வளவுதான்.”

பிலோமினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பெரிய லீவு முடியறதுக்குள்ள, நீங்க செஞ்ச ஏதாவது ஒண்ணை விட்டு இறங்க மாட்டோம்னு பிள்ளைங்க அடம்பிடிக்கணும். இல்லன்னா ஊரைப் பாக்கப் போயிரணும். சம்மதமா?”

“சம்மதம்.”

முதலாவது மிதவையைப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதன் மேல் ஒரு கொக்கு ஏறி நின்றது, அதுவும் வெகுநேரம் நிற்கவில்லை. மூன்றாவதைச் செய்து முடித்தபோது லீவு முடிய நாலைந்து நாள்தான் பாக்கி. நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் போனால் அந்த வீடு, அந்த ரேடியோ.

வேலையில் சுத்தமான மனுஷர், குறையே சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றையும் தனியாகவே செய்வார். இரண்டு ஆள் தூக்குகிற பாரத்தை உருட்டுக்கட்டை கொடுத்து ஒற்றை ஆளாக இழுப்பார். டீ வந்ததும் கொட்டகையில் வேலை பார்க்கிற பெண்கள் கீழே வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நயினார் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு மிதவையில் ஏற்றிச் சோதிக்கிற மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று குடிப்பார்.

“இங்கன வாங்களேன் அண்ணாச்சி” என்பார்கள்.

“இருக்கட்டும்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

டீ குடிக்க உட்காருவதில் யாருக்கு என்ன சிரமம் என்று அந்தப் பெண்களுக்கு விளங்கவே இல்லை. கொஞ்ச நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது மிதவை வட்டமானது. காற்றடைத்த ரப்பர் துணி. சுற்றிலும் எட்டு இருக்கை. ஒவ்வொன்றும் வெளியே பார்த்திருக்கும். முதுகுக்குச் சாய்மானம், இரண்டு கைக்கும் இரண்டு பிடி, எல்லாம் மேலே ஒட்டியவை. அடியில் தண்ணீர் நிறைகிற பைகளைத் தொங்கவிட்டிருந்தார். புயலில் கப்பல்காரர்கள் ஏறும் மிதவைக்குத்தான் அப்படிப் பை வைப்பார்கள். எந்த அலைக்கும் கவிழாது.

எட்டு இருக்கையிலும் எட்டு மணல் மூட்டையை ஏற்றிவைத்து, கயிறு போட்டுக் குலுக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா டீச்சர்? ஒரு மூட்டை விழல.”

“மூட்டை என்ன சொல்லுது?”

“மூட்டை என்னத்தைச் சொல்லும்?”

“அப்போ பிள்ளைங்களைக் கேப்போம்.”

மறுநாள் காலை பிள்ளைகள் ஏறினார்கள். ஆளுக்கொரு இருக்கை, ஆளுக்கு இரண்டு பிடி. சாய்ந்து உட்கார்ந்து ஆளுக்கொரு திசையில் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒரு பையன் கொட்டாவி விட்டான்.

“அண்ணாச்சி, இது பல் டாக்டர் நாற்காலி மாதிரியே இருக்கு!” என்று கத்தினாள் ஜெனோவா. அவள்தான் அந்தக் கூட்டத்தில் பெரிய வாய்.

ஒவ்வொருவராகக் குதித்துப் போய்விட்டார்கள். அங்கே கரையோரம் பழைய லாரி ட்யூப் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. பிடியும் கிடையாது, சாய்மானமும் கிடையாது, இரண்டு இடத்தில் பஞ்சர் ஒட்டியது. அத்தனை பேரும் அதன் மேல் விழுந்து புரண்டு அடித்துக்கொண்டார்கள்.

நயினார் கரையிலேயே நின்றார். எட்டு இருக்கையும் காலியாக, துளிகூட ஆடாமல் மிதந்தன. அவருக்கு ரேடியோச் சத்தம் காதில் கேட்பதுபோல இருந்தது.

“எங்க டீச்சர் தப்பு?”

பிலோமினா தண்ணீரில் இறங்கினாள். மிதவையைக் கரைக்கு இழுத்தாள். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து ஒரு பிடியை அறுத்தாள். பிறகு அடுத்ததை.

“ஐயையோ! என்ன பண்ணுதீங்க?” நயினாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பிடி இல்லாத மிதவையை நான் கம்பெனி வாசல் தாண்ட விட்டதே கிடையாது, தெரியுமா? தண்ணியில விழுந்தவன் கை எந்தப் பக்கம் நீண்டாலும் ஒரு பிடி சிக்கணும். அதான் டீச்சர் தொழில்!”

“அது விழுந்தவனுக்கு, அண்ணாச்சி. இதுங்க விழ வந்திருக்குங்க.”

“பிடியே இல்லன்னா எதைப் பிடிச்சுக்கிடும்?”

பிலோமினா சாய்மானத்தையும் ஒவ்வொன்றாக அறுத்துக் கரையில் போட்டாள். கடைசியில் கத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

“அடியில இருக்கிற பை?” என்று கேட்டார், குரல் இறங்கி.

“உங்க மிதவை. நீங்கதான் சொல்லணும்.”

நயினார் வெகுநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். லாரி ட்யூப்பில் பிள்ளைகள் போடுகிற கூச்சல் நிற்கவே இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பைகளை ஒன்றொன்றாக அறுத்து எடுத்தார்.

அடுத்த நாள் காலை ஜெனோவாதான் முதலில் ஏறினாள். ஏறிய வேகத்தில் மிதவை சாய்ந்து அவளைத் தண்ணீரில் தள்ளியது.

“ஏலே, இது ஆடுது!” என்றாள் தலையைச் சிலுப்பிக்கொண்டு. “ரீகன், நீ அந்தப் பக்கமா ஏறு!”

ஜெனோவா மறுபடி தொற்றி ஏற, ரீகன் எதிர்ப்பக்கம் ஏறினான். மிதவை தள்ளாடியது. பிடிக்க ஒன்றும் இல்லாததால் அவள் அவன் கையைப் பிடித்தாள். மூன்றாவது ஒருத்தி ஏறி ஜெனோவாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். இப்படியே எட்டுப் பேரும் ஏறி, உள்ளே முகம் பார்த்து, ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், எட்டும் தண்ணீரில்.

மறுபடி ஏறினார்கள். மறுபடி விழுந்தார்கள். பிலோமினா விசில் ஊதினாள். ஒருவரும் அசையவில்லை.

“நேரமாச்சு, இறங்குங்கடே!”

“முடியாது டீச்சர்! இறங்க மாட்டோம்!”

நயினார் கரையில் உட்கார்ந்து அழுதார். கொட்டகைப் பெண்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை.

“ஊருக்குப் போக வேண்டாம்” என்றாள் பிலோமினா. “நாளையில இருந்து அடுத்ததை ஆரம்பிங்க.”

டீ வந்தது. நயினார் டம்ளரை எடுத்துக்கொண்டு வழக்கம்போல மணல் மூட்டைப் பக்கம் போனார். அன்றைக்குப் பிலோமினாவும் தன் டம்ளரோடு அங்கே போய் நின்றாள்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது டீச்சர்?”

“நான் பந்தயத்துல நீந்தினவ, அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் கயிறு கட்டியிருப்பாங்க. அடுத்தவ மூச்சு வாங்குறது கேக்கும். தொட முடியாது. ஒரு தடவை நான் முதல்ல வந்தேன். சுவரைத் தொட்டுட்டுத் திரும்பிப் பாத்தா, எல்லாரும் இன்னும் வந்துக்கிட்டு இருக்காங்க. அந்தக் கரையில நான் மட்டும் நிக்கேன்.”

“சந்தோஷமா இருந்திருக்குமே.”

“யார்கிட்டச் சந்தோஷப்பட?”

இரண்டு பேரும் மீதி டீயைக் குடித்து முடித்தார்கள்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு தண்ணீர் அடங்கியது. மிதவை நடுவில் கிடந்தது. கரைக்கு இழுத்து வர நயினார் நீந்திப் போனார். தாமிரபரணியில் பழகியவர், நீச்சலில் குறை இல்லை. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஓர் ஆசை. எட்டுப் பேர் உட்கார்ந்து சிரித்த இடத்தில் தானும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏறினார். சாய்ந்து தள்ளிவிட்டது. அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஏறினார். அங்கேயும் தள்ளியது. நடுவில் போய்க் குப்புறப் படுத்துப் பார்த்தார். கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி தண்ணீர்.

மூச்சு வாங்க, மிதவையின் வழுவழுப்பில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு கிடந்தார். பிடி இருந்த இடங்களில் ஒட்டுத் தழும்பு மட்டும் தட்டுப்பட்டது. கரையில் பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். வேலை முடிந்த பெண்கள் வீட்டுக்குக் கிளம்பாமல் கொட்டகை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், ஒரு சந்தேகம்!”

“கேளுங்க.”

“எட்டுப் பேர் வந்தா இது நிக்கும். ரெண்டு பேர் வந்தாலும் நிக்கும். ஒத்தையில வர்ற பிள்ளை என்ன செய்யும்?”

“கரையைப் பாத்துக் கூப்பிடும்.”

சின்ன அலை ஒன்று நயினார் முகத்தில் அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“கூப்பிட்டும் ஒருத்தரும் வரலன்னா?”

பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் வந்து நின்றாள்.

“நீங்க இதுவரைக்கும் யாரையாச்சும் கூப்பிட்டிருக்கீங்களா, அண்ணாச்சி?”