வாசலில் நின்ற வடிகட்டி

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூங்கில் கூடையால் பாசியை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தாள் காத்தாயி. பாசி மட்டுமா வந்தது? ஊறிப்போன வடை வந்தது. பாதி அதிரசம் வந்தது. கூடவே செத்த மீன் ஒன்றும் வந்தது.

மருதூர் அரசன் இளவழுதியின் நந்தவனக் குளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. என்றைக்கோ ஒரு நாள் அரசன் விளையாட்டாக, "இந்தப் பொன்மீன்கள் என் பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான்! சபையில் இருந்த அத்தனை பேருக்கும் மீன்மேல் பாசம் பொங்கிவிட்டது. அரசன் கண்ணில் படும்படி ஆளுக்கொரு கூடை பலகாரம் கொண்டுவந்து கொட்டினார்கள். பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டியறியாதவர்கூட மீனுக்கு நெய்ச்சோறு ஊட்டினார். மீன் எவ்வளவுதான் தின்னும்? மிச்சமெல்லாம் அழுகிக் குளம் பச்சைக் குழம்பாயிற்று.

செத்த மீனைப் பார்க்க அரசனே வந்துவிட்டான்.

"எல்லாம் இவள் சோம்பேறித்தனம், மகாராஜா" என்றார் தலைமை மந்திரி சாரங்கபாணியார்.

"அரை மாதம் தருகிறேன்" என்று உறுமினான் அரசன். "தண்ணீரில் என் மீசை தெரிய வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிடு!"

வேப்பமரத்துத் தூளியில் தூங்கும் தன் கைக்குழந்தையைப் பார்த்தாள் காத்தாயி.

மந்திரி ஓலையை விரித்தார். "என்னிடம் வடிகட்டித் திட்டம் இருக்கிறது, மகாராஜா. ஏழு அடுக்குத் தொட்டி. மணல், கரி, கூழாங்கல். நீர் இறைக்க நான்கு யானை. உச்சியில் அடியேன் சிலை. மூன்றே வருடம்!"

"அதுவரைக்கும் மீனெல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமா சாமி?" என்றாள் காத்தாயி.

"வாயாடி! எங்கே, நீதான் ஒன்று கட்டேன்!"

"கட்டுறேன். ஒரு செம்பும் மகாராஜா உத்தரவும் போதும்."

உத்தரவு இதுதான்: மீனுக்குத் தீனி போட வருகிறவர், முதலில் அதே குளத்துத் தண்ணீரை ஒரு செம்பு குடிக்க வேண்டும்.

"பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்தானே!" என்று அரசனும் சம்மதித்தான்.

நந்தவன வாசலில் செம்பு உட்கார்ந்தது. புலவருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது. தளபதிக்குச் சளி. சாரங்கபாணியார் அதிரசக் கூடையோடு வந்தார். செம்பை முகர்ந்தார். "இன்றைக்கு எனக்கு ஏகாதசி விரதம்" என்றார். மறுநாளும் அவருக்கு ஏகாதசியாகவே இருந்தது. அதற்கு மறுநாளும்.

காத்தாயி அடிச்சேற்றை அள்ளிக்கொண்டே இருந்தாள். மேலே கொட்டத்தான் ஆளில்லை.

பதினைந்தாம் நாள் அரசன் சபையோடு வந்து குனிந்து பார்த்தான். மீசை தெரிந்தது. மீசையில் இரண்டு நரையும் தெரிந்தன.

"எங்கே உன் வடிகட்டி?"

காத்தாயி செம்பை நீட்டினாள்.

"எத்தனை பேர் குடித்தார்கள்?"

"ஒருத்தரும் குடிக்கலை மகாராஜா. அழுக்கு மொத்தமும் வாசலோடயே நின்னுடுச்சு."

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "இனி இந்தக் குளத்துக்கு நீதான் அதிகாரி! அது சரி, வாசலில் நின்ற அழுக்கு எது எது? பேரைச் சொல், கேட்போம்."

சபையில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"சொல்றேன் மகாராஜா. அதிரசக் கூடையோட மூணு நாளும் வந்தது நம்ம..."

"அம்மா, தாயே! பிள்ளை அழுகிறதே, ஓடு, ஓடிப்போய்ப் பார்!" என்று அலறினார் சாரங்கபாணியார்.

தூளியில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.