கல்வெட்டு மட்டும் நின்ற கரை

எங்கள் பேரூராட்சித் தலைவர் தணிகாசலம் கடலரிப்பைத் தடுக்க ஒரு சுவர் கட்டினார். பக்கத்திலேயே தம் பெயர் பொறித்த கல்வெட்டையும் நட்டார். ஐப்பசி மழையில் கடல் சுவரை வாரிக்கொண்டு போனது. கல்வெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கடலுக்குத் தலைவர்மேல் அவ்வளவு மரியாதை!

விசாரிக்கக் கலெக்டர் வந்தார். தலைவர் அதற்குள் குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார்: கரையைப் பெருக்கும் சூசையம்மாள்.

"இவ ஒழுங்காப் பாத்துக்கல சார், அதான் சுவர் போச்சு. நாளைக்குள்ள அதை இவளே கொண்டுவரணும். இல்லேன்னா வேலை கிடையாது!"

சூசையம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"ஐயா, இந்தக் கல்வெட்டையும் நான்தான் பாத்துக்கிட்டேன். அதே கரை, அதே அலை. இது ஏன் விழல?"

கலெக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கடலைப் பார்த்தார்.

"கல்வெட்டைத் தலைவரு நாற்காலி போட்டு உக்காந்து கட்ட வச்சாரு. சுவரைக் கட்டினது அவரு மச்சான், கடல் மணலையே அள்ளிப் போட்டு. கடல் தன்னோட மணலைத் திருப்பி எடுத்துக்கிச்சு. அதைப் போய் நான் எந்த மூஞ்சியோட கேக்குறது?"

கலெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ அடுத்த சுவருக்கு என்னம்மா வழி?" என்றார்.

"இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் தலைவர் பேரையே எழுதச் சொல்லுங்கய்யா. அப்பவாவது சிமெண்டு போடுவாரு."