பிலோமினாம்மா வீட்டு மீசைக் கெளுத்தி

ஒரு ஊர்ல ஒரு மீன் தொட்டி. அந்தப் பெரிய தொட்டிக்குள்ள ஒரே ஒரு மீன். ம் சொல்லிட்டே வரணும், அப்பதான் அத்தை சொல்வேன்.

ம்.

அந்தத் தொட்டி, மாடியில குடியிருந்த பிலோமினாம்மா வீட்ல இருந்துச்சு. அவங்க ஒரு பள்ளிக்கூடத்துல சமையல் வேலை பார்த்தவங்க. எத்தனையோ பிள்ளைங்களுக்குச் சோறு போட்ட கை. ஆனா யார்கிட்டயும் எதுவும் கேட்டு வாங்கத் தெரியாது. முட்டியில ஆபரேஷன் பண்ணி, வீட்டோட உட்கார்ந்துட்டாங்க. படி இறங்கிப் பழகுங்கன்னு டாக்டர் சொல்லியும் பயம். அவங்க வீட்டுக்காரர் சூசைராஜ் காலையில வேலைக்குப் போனா, வீடு கம்முனு ஆயிடும்.

அப்போ, கீழ குடியிருந்த கபீர் பாய் வீடு காலி பண்ணிட்டுப் போனாரு. போகும்போது, "அக்கா, மீனையெல்லாம் ஆளாளுக்குக் குடுத்துட்டேன். தொட்டியை நீங்க வச்சுக்குங்க"ன்னு குடுத்துட்டுப் போயிட்டாரு. அடியில கொஞ்சூண்டு தண்ணி கெடந்துச்சு; மேல கொண்டுவந்து நெறைய தண்ணி ஊத்திப் பார்த்தா, கல்லு இடுக்குல இருந்து குடுகுடுன்னு ஒண்ணு ஓடிச்சு!

என்னது அது?

குட்டிக் கெளுத்தி மீன். உன் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். உடம்புல புள்ளி, வாயோரம் மீசை. ஆனா அந்த மீசை தேஞ்சு, மொட்டையா இருந்துச்சு. பிலோமினாம்மாவுக்கு மனசு கேக்கல. "ஏங்க, இது ஏன் இப்படி இருக்குன்னு மீன் கடையில கேட்டுட்டு வாங்களேன்"னாங்க.

சூசைராஜ் கேட்டுட்டு வந்தாரு. "இது தென் அமெரிக்காப் பக்கத்து மீனாம், பிலோ. கோரிடோரஸ்னு பேராம். மண்ணுக்குள்ள மூஞ்சியை விட்டுத் துழாவித்தான் தின்னுமாம். நம்ம தொட்டியில கூர்க்கல்லுல்ல கெடக்கு!"

அப்புறம் என்ன, கல்லையெல்லாம் வாரி வெளிய போட்டுட்டு, மாவு மாதிரி மணல் வாங்கிட்டு வந்தாரு. சளப் சளப்னு கழுவுறாரு, கழுவுறாரு, தண்ணி காப்பி மாதிரி வந்துட்டே இருக்கு. கடைசியில தெளிஞ்சுது. மணலைப் பரப்பி, குழாய்த் தண்ணியில குளோரின் போக மருந்துச் சொட்டு விட்டு ஊத்தினாங்க. கொஞ்ச நாள்ல மீசை மெல்ல மெல்ல வளர்ந்துச்சு.

ம்.

ஆனாலும் அது வெளிய வரல. இரை போட்டாலும் மூலையிலயே கெடந்துச்சு. மறுபடி கடைக்கு ஓடினாரு. "இது கூட்டமா வாழுற மீனாம். தனியா விட்டா பயந்து பயந்தே செத்துடுமாம்." பிலோமினாம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அதுக்கும் தனியா இருக்க முடியல பாருங்க"ன்னாங்க.

அப்புறம் அதே சாதி மீனுங்களைக் கவர்ல வாங்கிட்டு வந்து, அந்தக் கவரைத் தொட்டியில மிதக்க விட்டு, சூடு சமமானதும் திறந்து விட்டாங்க. நம்ம கெளுத்தி மூலையில இருந்து எட்டிப் பார்த்துச்சு. ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுற மாதிரி உருட்டுச்சு. அப்புறம் சர்ர்ருனு ஓடி, கூட்டத்துக்கு நடுவுல போய் உட்கார்ந்துக்கிச்சு!

சிரிக்காம கேளு. இனிமேதான் பெரிய கஷ்டம் வருது.

என்ன கஷ்டம்?

புயல். காத்து ஊஊஊன்னு அடிக்குது, மழை ஜோன்னு கொட்டுது. சூசைராஜ் வேலைக்குப் போன இடத்துல மாட்டிக்கிட்டாரு, ரோடெல்லாம் வெள்ளம். காலையிலயே கரண்ட் போச்சு. புர்ர்ருனு ஓடி, தண்ணிக்குள்ள காத்து விட்டுட்டிருந்த தொட்டி மோட்டார் கப்சிப். கொஞ்ச நேரத்துல மீனுங்க விருட்டுனு மேல வருது, டப்புனு ஒரு வாய் காத்தை முழுங்குது, கீழ போகுது. எப்பவாச்சும் பண்றதுதான், ஆனா இப்ப விடாம பண்ணுதுங்க.

பிலோமினாம்மா தொட்டிப் பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, ஒரு சொம்பை எடுத்தாங்க. தொட்டித் தண்ணியையே மொண்டு, மேல இருந்து ஊத்துனாங்க. சொளக்... சொளக்... அப்படி ஊத்துனா தண்ணியில காத்து கலக்கும். மத்தியானம் ஆச்சு. கை மரத்துப் போச்சு. இனி ஊத்த முடியல.

கபீர் பாய் காலி பண்ணின கீழ் வீட்டுக்கு ஹேமலதான்னு ஒருத்தங்க வந்திருந்தாங்க. ரெண்டு பேருக்கும் பேச்சு கெடையாது. இவங்க காயப்போட்ட துணியில இருந்து தண்ணி சொட்டி, அவங்க வடாமெல்லாம் ஊறிப்போச்சுன்னு ஒரு சண்டை. இப்ப அவங்களை எப்படிக் கூப்பிடுறது? மீனைப் பார்த்தாங்க, வாசலைப் பார்த்தாங்க. அப்புறம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு பால்கனிக்குப் போனாங்க.

"ஹேமா!" காத்து அள்ளிட்டுப் போயிடுச்சு. "ஏம்மா ஹேமா!" படார்னு ஒரு ஜன்னல் சாத்திக்கிச்சு. மூணாவது தடவை, "ஹேமா, கொஞ்சம் வாம்மா, எனக்கு முடியல!"

"யாரு, பிலோமினாக்காவா? இதோ வர்றேன்!"

ஈரப் படியில திடுதிடுன்னு ஏறி வந்தாங்க ஹேமலதா. தொட்டியைப் பார்த்தாங்க, அக்கா கையைப் பார்த்தாங்க. "நகருங்கக்கா, நான் ஊத்துறேன்"னு சொம்பை வாங்கிக்கிட்டாங்க.

சண்டை?

அதை யாரும் எடுக்கவே இல்ல. "பசிக்கும்ல, இரை போடட்டுமா"ன்னு ஹேமலதா கேட்டாங்க. "வேணாம்மா, மோட்டார் ஓடாதப்ப போட்டா தண்ணி கெட்டுடும்"னாங்க இவங்க. ஒருத்தர் ஊத்த, ஒருத்தர் கையைத் தேய்ச்சுக்க, மாத்தி மாத்தி ஊத்தினாங்க. சாயங்காலம் பட்டுனு லைட் எரிஞ்சுது. புர்ர்ருனு மோட்டார் ஓடுச்சு. ஒரு மீனு கூட சாகல!

பிலோமினாம்மாவுக்கு நன்றி சொல்லணும்னு தோணுது. சொல்றதுக்குள்ள, "இனிதான் சோறு வைக்கணும்க்கா"ன்னு ஹேமலதா ஓடிட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு, காலையில தொட்டிக் கண்ணாடியில ஜவ்வரிசி ஒட்டின மாதிரி முத்து முத்தா என்னமோ இருந்துச்சு. மீன் முட்டை! மழையில தண்ணி குளுந்துச்சுல்ல? அந்த மீனுங்க சொந்த ஊர்லயும் மழை வந்தாத்தான் முட்டை போடுமாம்!

பிலோமினாம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியா... டொக்... டொக்... இறங்கிப் போய் ஹேமலதா கதவைத் தட்டினாங்க.

"ஐயையோ, இந்தக் காலோட எதுக்குக்கா இறங்கினீங்க? ஒரு குரல் குடுத்தா வரமாட்டேனா?"

"நன்றியைக் கூப்பிட்டு வச்சா சொல்லுவாங்க? இறங்கி வந்துதாம்மா சொல்லணும்"னாங்க பிலோமினாம்மா. ஹேமலதா அவங்க ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் மெதுவா மேல ஏறிப் போனாங்க. பெரிய மீனுங்க தின்னுடாம, முட்டையையெல்லாம் விரலால மெல்ல உருட்டி எடுத்து வேற தண்ணியில விட்டாங்க. குட்டிக் குட்டியா மீன் பொரிச்சு வந்துச்சு, எள்ளு மாதிரி கண்ணோட.

ம்...

கெளுத்தியெல்லாம் மணல்ல படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடுடா தங்கம்.