நாற்காலி போட்ட வரிசை

அம்பாசிடர் கார் வந்தாலே ஊரே ஓடிவந்து வேடிக்கை பார்த்த காலம் அது. ஏரித் தண்ணீரைச் சோடா கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று ஊரைக் கேட்க ஆர்.டி.ஓ. கூட்டம் போட்டார். நாற்காலி போடும் சீனியம்மாவின் அரைக்காணி வயலுக்கும் அந்த ஏரிதான் கதி.

மேடையேறிய ஆர்.டி.ஓ.வுக்கு முகம் சிவந்தது. கம்பெனி மேனேஜர்கள் இருவருக்கும் நடுவில் அவர் நாற்காலி!

"அரசாங்கம் யார் பக்கமும் சாயாது! இப்படிப் போட்டது யாரு?"

"நான்தாங்கய்யா," என்றாள் சீனியம்மா. "அவங்க காருல, பின்சீட்டுல, இப்படித்தானே உக்காந்து வந்தீங்க? அதே வரிசையில போட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கம்பெனி வண்டியில் வரும் அதிகாரிக்கு இனி இங்கே நாற்காலியே கிடையாது என்று அங்கேயே தீர்மானம் எழுதினார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆர்.டி.ஓ. டவுன் பஸ்ஸில் வந்தார். வழிநெடுக நின்றபடி, ஏறியவர்கள் எல்லோரிடமும் ஏரிக் கதை கேட்டு வந்தவருக்கு, கம்பெனிக்குத் தண்ணீர் கொடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை.