முழங்காலில் கை வைத்த கரடி

மழை பிடித்தால் ஒரு மாதம் விடாத காடு அது. அந்தக் காட்டில் ஒரு குகை. மழைக்காலம் வந்துவிட்டால் கரடி, முயல், நரி, குரங்கு, கீரி, முள்ளம்பன்றி எல்லோரும் அதற்குள் புகுந்துகொள்வார்கள். ஒரே சருகுப் படுக்கையில் ஒட்டிக்கொண்டு தூங்குவார்கள். முள்ளம்பன்றி மட்டும் கொஞ்சம் தள்ளி. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

குகைக்குத் தலைவர் கரடி. நாளைக்கு மூன்று முறை அருவியில் குளிப்பார். குளித்ததை ஆறு முறை சொல்வார். எல்லோரிலும் சிறியவள் முயல். அதனால் கரடியின் கக்கத்தில் சுருண்டுகொள்ள அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. குகையிலேயே கதகதப்பான இடம் அதுதான்.

ஒருநாள் முயல் சொறிய ஆரம்பித்தாள். விரலிடுக்கில், மணிக்கட்டில், வயிற்றில் எல்லாம் குட்டிக் குட்டிப் பருக்கள்.

"ஐயே, சிரங்கு!" என்று எகிறிக் குதித்தான் குரங்கு.

"அழுக்கு இருக்கும் இடத்தில்தான் இது வரும்" என்றார் கரடி. "நான் மூன்று வேளை குளிக்கிறேன். எனக்கு வந்ததா? இவள் வெளியே போகட்டும்."

"மாமா, நானும் தினமும் சுத்தமாகத்தானே இருக்கிறேன்?" என்றாள் முயல்.

யாரும் காதில் வாங்கவில்லை. கொட்டுகிற மழையில் ஒரு பாறைக்கடியில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பாறையோ அவள் காதுகளை மறைக்கக்கூடப் போதவில்லை.

கீரிக்கு ஒரே ஒரு குணம். நியாயமில்லை என்று பட்டால் அவள் வாயை மூட மாட்டாள். நேராக உடும்பு வைத்தியரிடம் ஓடினாள்.

"வைத்தியரே, சிரங்கு அழுக்கால் வருகிறதா?"

"யார் சொன்னது? அது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும். ஒட்டிப் படுத்தால் அடுத்தவர் தோலுக்கும் போகும். குளித்தவரா, குளிக்காதவரா என்று அது விசாரித்துக்கொண்டா நுழைகிறது?"

"அப்படியானால் மருந்து?"

உடும்பு ஒரு சட்டியைத் திறந்தார். மஞ்சள் நிறக் கந்தகச் சாந்து. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"கழுத்திலிருந்து நகக்கண் வரை, மூன்று நாள். ஆனால் சேர்ந்து படுத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். அரிக்காதவர்களும்தான்! பூச்சி புகுந்து ஒரு மாதம் கழித்துக்கூட அரிப்பு தொடங்கலாம். ஒருவர் விட்டாலும் மறுபடி வரும். பொழுது சாய்ந்தால் பார், அரிப்பு ஆளையே ஆட்டிவைக்கும்."

கீரி சட்டியோடு குகைக்கு வந்தாள். கரடி மூக்கைப் பொத்திக்கொண்டார். "அரிப்பு அவளுக்கு, நாற்றம் எனக்கா? முடியாது."

"தலைவரே பூசாததை நாங்கள் ஏன் பூச வேண்டும்?" என்றான் நரி.

கோபத்தோடு வெளியே வந்த கீரி, குகைக்குப் பின்னால் இருந்த பலாமரத்தைப் பார்த்தாள். ஒரு கரடியின் முதுகு உயரத்தில் பட்டை தேய்ந்து வழவழவென்று இருந்தது. கறுப்பு முடி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. அதன்மேல் சிலந்தி வலையே கட்டியிருந்தது. அவ்வளவு பழைய முடி!

"ஓகோ" என்றாள் கீரி.

அந்தக் குகையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகவும் யாரும் வழக்குப் பேசலாம். பேசி முடிக்கும் வரை தலைவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கையை எடுத்தால், கவனிக்கவில்லை என்று பொருள். பேசியவருக்கே வெற்றி.

பொழுது சாயும் நேரம் பார்த்து கீரி வந்தாள். "முயலுக்காக வழக்குப் பேசப் போகிறேன், அண்ணே."

கரடி முழங்காலில் கை வைத்தார். கீரி தொடங்கினாள். மழையைப் பற்றிப் பேசினாள். நீளமான காதுகள் எவ்வளவு சீக்கிரம் நனையும் என்று பேசினாள். கரடியின் தோள் லேசாகத் துடித்தது.

"முடிந்ததா?"

"முன்னுரையே முடியவில்லையே, அண்ணே! இனிமேல்தான் பூச்சிக்கே வருகிறேன். இப்போது அது மெதுவாக ஊர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலாவில் ஏறுகிறது. முதுகுக்குப் போகிறது. நட்டநடு முதுகில், கை எட்டாத இடமாகப் பார்த்து..."

கரடியின் கால் விரல்கள் மடங்கின. கண்ணில் நீர் முட்டியது.

"...நின்று, மெல்ல, மெல்லத் தோண்டுகிறது."

"ஐயோ, போதும்!" கரடி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். வயிற்றைப் பிறாண்டினார், பாறையில் முதுகைத் தேய்த்தார். "ஆகா... அங்கேதான்... அம்மாடி!"

குகை வாய் பிளந்து நின்றது.

"தலைவரே," என்றது முள்ளம்பன்றி, "முதுகு சொறிய என் முள் வேண்டுமா?"

அவ்வளவுதான், குகை அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். கீரி மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளாக, அண்ணே?"

"இரண்டு மாதம்" என்றார் கரடி, குனிந்த தலையோடு. "தலைவனுக்கே சிரங்கு என்றால் என்ன நினைப்பீர்களோ என்று வெட்கம்."

"வெட்கப்பட்டது நீங்கள். நனைந்தது யார்?"

கரடி எழுந்து மழைக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் தோளில் முயல் உட்கார்ந்திருந்தாள்.

"முதலில் எனக்குப் பூசுங்கள்" என்றார் கரடி. "பிறகு எல்லோருக்கும்."

"எனக்குத்தான் அரிக்கவில்லையே!" என்று நழுவப் பார்த்த குரங்கின் வாலைப் பிடித்தாள் கீரி. "வாலுக்கும் சேர்த்துப் பூசுகிறேன், வா!"

பழைய சருகையெல்லாம் வாரி வெளியே கொட்டினார்கள். பாறை இடுக்குகளிலிருந்து காய்ந்த சருகு வந்தது. மஞ்சள் கரடி, மஞ்சள் நரி, மஞ்சள் குரங்கு! ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். முள்ளம்பன்றிக்குப் பூசத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அது சாந்திலேயே உருண்டு எழுந்தது.

அன்று முயல் பழைய இடத்தில் சுருண்டுகொண்டாள்.

"மாமா, நாறுகிறீர்கள்."

"நீயும்தான், கண்ணு" என்றார் கரடி. அவளை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

நீதி: நோய் யாருக்கும் அவமானமில்லை, ஒளிக்காமல் சொல்லி, ஒன்றாய்ப் படுப்பவர்கள் ஒன்றாய் மருந்து பூசினால்தான் சிரங்கு போகும்.